மாத்திரையின் நிறம் மாறினால் என்ன செய்வது?

சுகாதாரப் பாடம்



போன மாதம் கிளினிக்கில் கொடுத்த பிரஷர் மாத்திரை வெள்ளையாக, வட்டமாக இருந்தது. இந்த மாதம் கொடுத்தது மஞ்சளாக, நீட்டாக இருக்கிறது. போட்டு இரண்டு நாளில் தலை சுற்றுகிற மாதிரி இருக்கிறது. "இது எனக்கு ஒத்துக்கலங்க, பழைய மாத்திரைதான் நமக்குச் சரி" என்று லயத்தில் பேச்சு எழுகிறது.

இதன் பிறகு நம்மவர்கள் மூன்று விதமாக நடந்துகொள்கிறார்கள். ஒருவர் மாத்திரையையே நிறுத்திவிடுகிறார். இன்னொருவர் வீட்டில் மீதமிருந்த பழைய மாத்திரையையும் புதிய மாத்திரையையும் சேர்த்துப் போடுகிறார். மூன்றாமவர் பக்கத்து வீட்டு அக்காவிடம் "உங்ககிட்ட அந்த வெள்ள மாத்திர இருக்கா?" என்று கடன் வாங்குகிறார். மூன்றுமே ஆபத்தான வழிகள்தான்.

இந்தப் பாடத்தில் நாம் படிக்கப்போவது இவைதான்: ஒரே மருந்து ஏன் வேறு வேறு உருவத்தில் வருகிறது? மாறும்போது சிலருக்கு ஏன் உடம்பில் வித்தியாசம் தெரிகிறது? எந்த மருந்து மாறினால் கூடுதல் கவனம் வேண்டும்? அப்போது யாரிடம் போய் என்ன சொல்ல வேண்டும்?

வாசிக்கத் தெரிந்தவர்கள் இதை வீட்டிலுள்ள பெரியவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

1. ஒரு மருந்துக்கு இரண்டு பெயர்

நாம் பறிக்கும் கொழுந்தை நினைத்துக்கொள்ளுங்கள். எந்த மலையில் பறித்தாலும் அது தேயிலைதான். ஃபெக்டரியில் அரைத்து, காயவைத்து, சலித்து, பெட்டியில் போட்ட பிறகு கடைக்குப் போகும்போது ஒவ்வொரு கம்பனியும் ஒவ்வொரு பெயர் வைக்கிறது. பெட்டியின் நிறம் வேறு, படம் வேறு, விலை வேறு. உள்ளே இருப்பது தேயிலை.

மருந்தும் அப்படித்தான். ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு பொதுப்பெயர் உண்டு. உலகமெங்கும் டொக்டர்மார் அந்தப் பெயரால் மருந்தை அறிவார்கள். அதைச் செய்யும் கம்பனி தன் விருப்பப்படி வைக்கும் பெயர் வியாபாரப் பெயர்.

நமக்குத் தெரிந்த சில மருந்துகளைப் பார்ப்போம்.

காய்ச்சலுக்கும் உடம்பு வலிக்கும் நாம் கேட்கும் பனடோல் என்பது வியாபாரப் பெயர். அதன் பொதுப்பெயர் பரசிட்டமோல்.
தும்மலுக்கும் அரிப்புக்கும் கொடுக்கும் பிரிட்டோன் என்பது வியாபாரப் பெயர். பொதுப்பெயர் குளோர்பெனிரமின்.
சீனி வருத்தத்துக்குக் கொடுக்கும் குளுக்கோஃபேஜ் வியாபாரப் பெயர். பொதுப்பெயர் மெட்ஃபோர்மின்.
அதே சீனி வருத்தத்துக்கு டயமைக்ரோன் வியாபாரப் பெயர். பொதுப்பெயர் கிளிக்லசைட்.
தைரொயிட் குறைவுக்கு எல்ட்ரொக்சின் வியாபாரப் பெயர். பொதுப்பெயர் தைரொக்சின்.
வலிப்புக்கு டைலன்டின் வியாபாரப் பெயர். பொதுப்பெயர் ஃபெனிட்டோயின்.
இழுப்புக்கு வென்டோலின், அஸ்தலின் இரண்டும் வியாபாரப் பெயர்கள். இரண்டுக்கும் பொதுப்பெயர் சல்பியூட்டமோல்.

ஆகவே நிறத்தையும் வடிவத்தையும் வைத்து மருந்தை அடையாளம் பிடிக்கக் கூடாது. பொதுப்பெயரையும், எத்தனை மில்லிகிராம் என்ற அளவையும் வைத்துத்தான் அடையாளம் பிடிக்க வேண்டும். இதுதான் இந்தப் பாடத்தின் முதல் விஷயம். மற்ற எல்லாம் இதிலிருந்துதான் வருகின்றன.

2. மருந்து ஏன் அடிக்கடி மாறுகிறது?

ஒரு காலத்தில் இந்த நாட்டில் ஒரே மருந்து எத்தனையோ பெயர்களில், எத்தனையோ விலைகளில் இறக்குமதியானது. ஏழைக்கு அது எட்டாத விலையாக இருந்தது. இதை மாற்றப் பாடுபட்டவர் பேராசிரியர் சேனக பிபிலே. அவருடைய முயற்சியால் 1971ஆம் ஆண்டு அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனம் தொடங்கப்பட்டது. அவரே அதன் முதல் தலைவர். நாட்டுக்கு உண்மையில் தேவையான மருந்துகள் எவை என்று பட்டியல் போட்டு, அவற்றைப் பொதுப்பெயரில், தரமும் விலையும் பார்த்து வாங்குவதே அவர் காட்டிய வழி. உலகின் பல நாடுகள் பிற்காலத்தில் இதைப் பின்பற்றின. 1977இல் அவர் காலமானார். அரசாங்க ஆஸ்பத்திரிகளில் இன்று நாம் காசில்லாமல் மருந்து வாங்குகிறோம் என்றால் அதில் அவருடைய உழைப்பும் இருக்கிறது.

இந்த முறையில் ஒரு தடவை ஒரு கம்பனியின் மாத்திரை வரும், அடுத்த தடவை வேறு கம்பனியின் மாத்திரை வரும். மருந்து ஒன்றுதான். உருவம் மாறும்.

வெளிப் பாமசியில் வாங்கும்போதும் இப்படி நடக்கலாம். தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகார சபை 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்டது. டொக்டர் துண்டில் மருந்தின் பொதுப்பெயரை எழுத வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்கிறது. ஆகவே, "இந்த மருந்து என்னென்ன பெயரில் இருக்கு, விலை எவ்வளவு?" என்று பாமசியில் தயங்காமல் கேளுங்கள். விலை குறைந்ததை எடுப்பதில் வெட்கமும் இல்லை, தவறும் இல்லை.

2022ஆம் ஆண்டில் நாடு பட்ட கஷ்டம் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். டொலர் இல்லாமல் மருந்துக்கும் தட்டுப்பாடு வந்தது. அந்த ஆண்டு இந்தியா கொடுத்த கடனுதவியிலும் மருந்து வந்தது. தமிழ்நாட்டு அரசு அரிசி, பால்மாவுடன் 137 வகை மருந்துகளையும் அனுப்பியது. வேறு நாடுகளும் உதவின. இப்படிப் பல இடத்திலிருந்து மருந்து வந்துசேரும்போது ஒரே மருந்து மாதத்துக்கு ஒரு நிறத்தில் கைக்கு வருவதில் ஆச்சரியம் இல்லை.

3. மாத்திரைக்குள் வேறு என்ன இருக்கிறது?

ஒரு மாத்திரை முழுவதும் மருந்து என்று நினைத்துவிடக் கூடாது. தைரொக்சின் மாத்திரையில் இருக்கும் மருந்து கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னது. அதைக் கையில் பிடிக்கும் அளவுக்கு மாத்திரையாக்க வேறு பொருட்களைச் சேர்க்கிறார்கள். பால் சீனி, மா, சாயம், மேல் பூச்சு போன்றவை அவை. இவை வருத்தத்தைக் குணப்படுத்துவதில்லை. மாத்திரைக்கு உருவம் கொடுப்பதும், வயிற்றில் அது கரையும் வேகத்தைத் தீர்மானிப்பதும்தான் இவற்றின் வேலை.

கம்பனி மாறும்போது மருந்து மாறாது. ஆனால் இந்தச் சேர்மானங்கள் மாறலாம். இதனால் என்ன நடக்கும் என்பதற்கு ஓர் உண்மைச் சம்பவம் உண்டு.

1968, 1969ஆம் ஆண்டுகளில் அவுஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில், வலிப்புக்கு ஃபெனிட்டோயின் எடுத்துவந்தவர்கள் பலருக்கு ஒரே மாதிரியான கோளாறு வந்தது. நடை தள்ளாடியது. பார்வை இரண்டு இரண்டாகத் தெரிந்தது. மயக்கமாக இருந்தது. பல காலமாக அதே அளவு மருந்தை ஒழுங்காக எடுத்தவர்கள்தான் அவர்கள். டொக்டர்மார் ஆராய்ந்து பார்த்தபோது விஷயம் தெரியவந்தது. மருந்தைச் செய்தவர்கள் கூட்டுக்குள் இருந்த ஒரு சேர்மானத்தை மாற்றியிருந்தார்கள். முன்பு கல்சியம் சல்பேட் என்ற தூள் இருந்தது. அதற்குப் பதிலாகப் பால் சீனி போடப்பட்டது.

பழைய தூள் மருந்தின் ஒரு பகுதியைத் தன்னோடு பிடித்துவைத்துக்கொண்டது. அதனால் முழு மருந்தும் இரத்தத்தில் சேரவில்லை. பால் சீனி அப்படிப் பிடித்துவைக்கவில்லை, முழு மருந்தும் உடம்பில் சேர்ந்தது. பழைய கூட்டுக்கு ஏற்றபடி அளவு பார்த்து வைத்திருந்தவர்களுக்கு அது அளவுக்கு மிஞ்சிப் போனது. அளவைக் குறைத்ததும் கோளாறு நீங்கியது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. புதிய கூட்டில் கெட்ட மருந்து எதுவும் இல்லை. ஆளுக்கு ஆள் அளவு பார்த்துக் கொடுக்கும் மருந்தில், அளவு பார்க்காமல் மாற்றம் நடந்ததுதான் பிரச்சினை. இதற்குப் பிறகுதான் உலகமெங்கும் இந்த விஷயத்தில் கவனம் கூடியது. இன்று ஒரு கம்பனியின் மாத்திரை மற்றக் கம்பனியின் மாத்திரை போலவே இரத்தத்தில் சேருகிறதா என்று பரிசோதிக்கும் முறைகள் உண்டு.

சாயமும் மேல் பூச்சும் மாறுவதாலும் ஒரு சிலருக்கு வித்தியாசம் வரலாம். மெட்ஃபோர்மின் மாறும்போது சிலருக்கு வயிறு பொருமும், வயிற்றோட்டம் வரும். சாப்பாட்டோடு சேர்த்து எடுத்தால் பெரும்பாலும் அடங்கும். மிகச் சிலருக்கு ஒரு சாயம் ஒத்துக்கொள்ளாமல் தோலில் தடிப்பு வரலாம்.

4. எந்த மருந்தில் கூடுதல் கவனம்?

எல்லா மருந்துக்கும் பயப்படத் தேவையில்லை. பரசிட்டமோல், அமொக்சிசிலின் போன்றவை எந்தக் கம்பனியுடையதாக இருந்தாலும் பெரும்பாலும் வித்தியாசம் தெரியாது. பிரஷர் மாத்திரையும் கொழுப்புக்குக் கொடுக்கும் மாத்திரையும் மாறினால் அனேகமாக ஒரு பிரச்சினையும் வராது.

ஆனால் சில மருந்துகளில் தேவையான அளவுக்கும் மிஞ்சிய அளவுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி மிகக் குறுகலானது. செங்குத்து மலையில் ஒற்றையடிப் பாதையில் போவது போல. ஓரடி தள்ளினாலும் வித்தியாசம் தெரியும். அவை:

வலிப்பு மருந்துகள்: ஃபெனிட்டோயின், கார்பமசெப்பின் போன்றவை. கூடினால் தள்ளாட்டம், இரட்டைப் பார்வை, நாக்குக் குழறுதல். குறைந்தால் நின்றிருந்த வலிப்பு திரும்ப வரும்.

தைரொக்சின்: கூடினால் நெஞ்சு படபடப்பு, கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை. குறைந்தால் சோர்வு, குளிர் தாங்காமை, மலச்சிக்கல், உடம்பு பருத்தல்.

வார்ஃபரின்: இருதய வால்வு மாற்றியவர்களுக்கும், இரத்தம் உறையாமல் இருக்க வேண்டிய மற்றவர்களுக்கும் கொடுப்பது. கூடினால் பல் ஈறில் இரத்தம், சிறுநீரில் இரத்தம், கறுப்பு மலம். குறைந்தால் இரத்தம் கட்டிவிடும். இது பல அளவில் வருவதால் பலர் நிறத்தை வைத்தே அளவைச் சொல்வார்கள். கம்பனி மாறினால் அந்த அடையாளமும் மாறலாம். மில்லிகிராமைப் பார்க்காமல் போடவே கூடாது.

டிகொக்சின்: இருதயத்துக்குக் கொடுப்பது. கூடினால் வாந்தி, பசியின்மை, நாடித் துடிப்பு தாறுமாறாதல்.

தியோபிலின்: இழுப்புக்குக் கொடுக்கும் மாத்திரை. கூடினால் வாந்தி, படபடப்பு, நடுக்கம்.

லித்தியம்: மன வருத்தத்துக்குக் கொடுப்பது. கூடினால் கை நடுக்கம், வாந்தி, தடுமாற்றம்.

இந்த மருந்து எடுப்பவர்களுக்கு மாத்திரையின் உருவம் மாறினால், அன்றைக்கே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். தேவையானால் டொக்டர் இரத்தப் பரிசோதனை செய்வார். தைரொக்சினுக்கு மாறி 6 முதல் 8 வாரத்துக்குப் பிறகு பார்ப்பது வழக்கம். வார்ஃபரினுக்கு அதைவிடச் சீக்கிரமாகப் பார்க்க வேண்டும்.

5. மெதுவாகக் கரையும் மாத்திரை

சில மாத்திரைகளின் பெயருக்குப் பின்னால் எஸ்.ஆர்., எம்.ஆர்., எக்ஸ்.எல்., ரிட்டார்ட் என்று இங்கிலீஷ் எழுத்துகள் இருக்கும். இவை வயிற்றில் மெதுவாகக் கரைந்து நாள் முழுவதும் வேலை செய்பவை. இவற்றை உடைக்கவோ, கடிக்கவோ, இடித்துத் தூளாக்கவோ கூடாது. டொக்டர் பாதி போடச் சொன்னால் மட்டும், அடையாளக் கோடு உள்ளதை அந்தக் கோட்டில் உடைக்கலாம்.

மாறும்போது இங்கேதான் பெரிய தவறு நடக்கிறது. சாதாரண கிளிக்லசைட் மாத்திரை 80 மில்லிகிராமில் வரும். மெதுவாகக் கரையும் கிளிக்லசைட் 30 மில்லிகிராமில் வரும். அந்த 30 ஏறக்குறைய இந்த 80இன் வேலையைச் செய்துவிடும். "இது 30தானே, குறைவா இருக்கே" என்று யாராவது மூன்று மாத்திரை போட்டால் சீனி ஒரேயடியாக இறங்கி மயக்கமாகிவிடும். நம்பர் சிறிதாக இருக்கிறதே என்று நாமாகக் கணக்குப் பார்க்கக் கூடாது.

இழுப்புக்கு உறிஞ்சும் மருந்தும் இப்படித்தான். அமுக்கி அடிக்கும் பம்ப் ஒரு விதம். கூட்டைக் கருவியில் போட்டு உடைத்து உறிஞ்சுவது இன்னொரு விதம். மருந்து ஒன்றாக இருந்தாலும் உறிஞ்சும் முறை வேறு. புதிய கருவி கொடுத்தால் அங்கேயே ஒரு தடவை செய்துகாட்டச் சொல்லுங்கள். உறிஞ்ச வேண்டிய கூட்டைத் தண்ணீரில் விழுங்குகிறவர்கள் இன்றும் உண்டு. விழுங்கினால் இழுப்பு நிற்காது.

6. மனமும் ஒரு காரணமாகலாம்

2007ஆம் ஆண்டு நியூசிலாந்தில் எல்ட்ரொக்சின் மாத்திரை மாறியது. கம்பனி தன் உற்பத்தியை கனடாவிலிருந்து ஜெர்மனிக்கு மாற்றியது. மருந்து அதே தைரொக்சின். சேர்மானங்கள் மாறின, பார்வைக்கும் மாத்திரை வேறாக இருந்தது. அதற்கு முந்திய 30 வருடத்தில் அந்த மருந்தைப் பற்றி 14 பேர்தான் பக்கவிளைவு என்று முறையிட்டிருந்தார்கள். மாறிய பிறகு 18 மாதத்தில் 1,400க்கும் மேற்பட்ட முறைப்பாடுகள் வந்தன. பரிசோதித்துப் பார்த்தபோது மருந்தின் அளவு சரியாகவே இருந்தது. பத்திரிகையிலும் தொலைக்காட்சியிலும் அதிகம் பேசப்பட்ட ஊர்களில் முறைப்பாடும் அதிகமாக இருந்தது.

2017இல் பிரான்சிலும் இதேபோல நடந்தது. அங்கே ஏறக்குறைய 30 இலட்சம் பேர் எடுக்கும் தைரொக்சின் மாத்திரையில் பால் சீனிக்குப் பதிலாக வேறு சேர்மானம் போட்டார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் சோர்வு, தலைவலி, முடி உதிர்தல் என்று முறையிட்டார்கள். அந்த ஆண்டே பழைய மாத்திரையையும் திரும்பக் கிடைக்கச் செய்ய வேண்டியதாயிற்று.

இவர்கள் எல்லோரும் நடித்தார்களா? இல்லை. சிலருக்கு உண்மையிலேயே இரத்தத்தில் மருந்தின் அளவு மாறியிருக்கும். சிலருக்கு "ஏன் மாத்தினாங்க, என்னமோ ஆகப்போகுது" என்ற பயமே தலைவலியாகவும் படபடப்பாகவும் வெளிப்பட்டிருக்கும். பயத்தால் வரும் தலைவலியும் தலைவலிதான். வேறு சிலருக்கு மாத்திரைக்குச் சம்பந்தமில்லாத வேறு காரணம் இருந்திருக்கும். நம் இடத்திலும், வெயிலில் சாப்பிடாமல் கொழுந்தெடுத்தால் எந்த மாத்திரை போட்டாலும் தலை சுற்றத்தான் செய்யும்.

எது என்று வீட்டிலிருந்து நாம் கண்டுபிடிக்க முடியாது. இரத்தப் பரிசோதனையும் பிரஷர் பார்ப்பதும்தான் காட்டும். அதனால்தான் போய்ச் சொல்ல வேண்டும் என்கிறோம். "சொன்னா ஏசுவாங்க" என்று பேசாமல் இருந்துவிடாதீர்கள். மருந்து கொடுப்பவர்கள் பக்கமும் ஒரு கடமை இருக்கிறது. கொடுக்கும்போதே "இது போன மாசம் தந்த அதே மருந்துதான், உருவம் மட்டும் வேற" என்று ஒரு வார்த்தை சொன்னால் பாதிப் பயம் அங்கேயே தீர்ந்துவிடும்.

7. எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து

தோட்டத்தில் நாம் மருந்து வாங்கும் இடம் ஒன்றல்ல. தோட்ட டிஸ்பென்சரி ஒன்று. அரசாங்க ஆஸ்பத்திரி கிளினிக் ஒன்று. அவசரத்துக்கு அட்டன் டவுனில் தனியார் டொக்டர் ஒருவர். மூன்று இடத்திலும் ஒரே மருந்தை மூன்று பெயரில், மூன்று நிறத்தில் கொடுக்க இடமுண்டு. ஒருவர் கொடுத்தது மற்றவருக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றையும் போட்டுவிடுகிறோம்.

இப்படி ஒரு பேச்சைக் கற்பனை செய்து பார்ப்போம்.

தொழிலாளி: ஐயா, ரெண்டு நாளா உடம்பெல்லாம் நடுங்குது, வேர்த்துக் கொட்டுது. கூடையைத் தூக்க முடியல.
டிஸ்பென்சர்: என்னென்ன மாத்திரை போடுறீங்கம்மா?
தொழிலாளி: கிளினிக்ல குடுத்த சீனி மாத்திர போடுறேன். போன வாரம் டவுன்ல ஒரு டொக்டர்கிட்ட போனேன், அவரும் ஒன்னு குடுத்தாரு. ரெண்டும் போடுறேங்க.
டிஸ்பென்சர்: ரெண்டையும் கொண்டு வந்திருக்கீங்களா? காட்டுங்க பார்ப்போம். இது கிளிக்லசைட். இதுல டயமைக்ரோன்னு எழுதியிருக்கு. அம்மா, ரெண்டும் ஒரே மருந்து!
தொழிலாளி: அய்யய்யோ, ஒன்னு வெள்ள உறையில இருந்துச்சு, இன்னொன்னு அட்டையில இருந்துச்சுங்க. வேற வேறன்னுதான் நெனச்சேன்.
டிஸ்பென்சர்: முதல்ல இந்தச் சீனித் தண்ணியக் குடிங்க. சீனி இறங்கியிருக்கு. இன்னைக்கு வேலைக்குப் போகாதீங்க, நான் சீனி பார்க்கிறேன். ஆஸ்பத்திரிக்கும் எழுதித் தாறேன்.

இந்த அம்மா மாத்திரைகளைக் கையோடு கொண்டுவந்ததால் விஷயம் உடனே தெரிந்தது. வெறும் கையோடு வந்திருந்தால் "பலவீனம்" என்று விட்டமின் மாத்திரை வாங்கிக்கொண்டு போயிருப்பார். இரவில் தூக்கத்தில் சீனி இறங்கினால் உயிருக்கே ஆபத்து.

பிரஷர் மாத்திரை இரட்டிப்பானால் எழும்போது கண் இருட்டும். கூடையோடு செங்குத்து மலையில் நிற்கும் நம் பெண்களுக்கு அது சின்ன விஷயமா? பரசிட்டமோல் மாத்திரையோடு பனடோலும், அதற்கு மேல் பரசிட்டமோல் கலந்த தடிமன் மாத்திரையும் போட்டால் ஈரல் கெடும்.

8. மாத்திரை மாறினால் செய்ய வேண்டியவை

ஒன்று. கையில் வாங்கும்போதே உறையைத் திறந்து பாருங்கள். உருவம் மாறியிருந்தால் அங்கேயே கேளுங்கள்: "ஐயா, இது போன மாசம் தந்த அதே மருந்தா? அளவும் அதேதானா? எத்தனை போடணும்?" வெட்கப்பட வேண்டாம். கவுண்டரில் கூட்டமாக இருந்தாலும் கேளுங்கள்.

இரண்டு. கடதாசி உறையில் மருந்தின் பெயரும் மில்லிகிராமும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் எழுதித் தரச் சொல்லுங்கள். பெயர் எழுதாத உறையில் இருக்கும் மாத்திரை நாளைக்கு யாருக்கும் என்னவென்று தெரியாது.

மூன்று. உங்கள் கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் நீங்கள் எடுக்கும் எல்லா மருந்தின் பொதுப்பெயரையும் அளவையும் எழுதிவையுங்கள். பள்ளிக்கூடம் போகும் பிள்ளையிடம் சொன்னால் எழுதித் தரும். எந்த டொக்டரிடம் போனாலும் அந்தக் கொப்பியைக் காட்டுங்கள். தனியார் டொக்டர் கொடுக்கும் மருந்தையும் அதிலேயே எழுதச் சொல்லுங்கள்.

நான்கு. புதிய மாத்திரை வந்ததும் பழைய மீதியைத் தனியாக எடுத்துவையுங்கள். ஒரே டப்பாவில் கலக்காதீர்கள். அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது எடுத்துப்போய்க் காட்டிக் கேளுங்கள்.

ஐந்து. உடம்பில் வித்தியாசம் தெரிந்தால் மாத்திரை மாறிய தேதி, கோளாறு தொடங்கிய தேதி, என்ன செய்தது என்ற மூன்றையும் கொப்பியில் குறித்துக்கொண்டு டிஸ்பென்சரிக்கோ கிளினிக்குக்கோ போங்கள். அடுத்த கிளினிக் நாள் வரை காத்திருக்க வேண்டாம்.

ஆறு. வலிப்பு, இருதயம், பிரஷர், தைரொயிட் மருந்துகளை நீங்களாக நிறுத்தாதீர்கள். வலிப்பு மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு விடாமல் தொடர்ந்து வரலாம்.

ஏழு. முகம், உதடு, நாக்கு வீங்கினாலும், மூச்சுத் திணறினாலும், உடம்பெல்லாம் தடித்தாலும் அடுத்த வேளை மாத்திரையைப் போடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வலிப்பு நிற்காவிட்டாலும், ஆள் மயங்கினாலும், இரத்தப்போக்கு நிற்காவிட்டாலும் அப்படியே. 1990 என்ற நம்பருக்கு அடித்தால் அம்புலன்ஸ் வரும். காசு எடுக்க மாட்டார்கள்.

9. மாத்திரை அட்டையை ஏன் வைத்திருக்க வேண்டும்?

இதுவரை பார்த்தது நல்ல மருந்து இன்னொரு நல்ல மருந்தாக மாறுவதைப் பற்றி. சில வேளை மருந்தே பழுதாக வந்துவிடுவதும் உண்டு. 2023 ஏப்ரலில் நம் நுவரெலியா ஆஸ்பத்திரியில் கண்ணில் வெண்புரைக்குச் சத்திரசிகிச்சை செய்துகொண்ட சிலருக்குக் கண்ணில் கிருமி தொற்றிப் பார்வை பாதிக்கப்பட்டது. இறக்குமதியான பிரெட்னிசொலோன் என்ற கண் துளி மருந்தில் கிருமி இருந்ததுதான் காரணம் என்று தெரிந்தது. அந்த மருந்து பாவனையிலிருந்து விலக்கப்பட்டது.

நோயாளிகளின் கோளாறைக் கவனித்து, எந்த மருந்து, எந்தத் தொகுதி என்று தேடிப் பார்த்ததால்தான் அதை நிறுத்த முடிந்தது. ஒவ்வொரு அட்டையிலும் போத்தலிலும் பெட்ச் நம்பர் என்று ஒன்று அடித்திருக்கும். எந்த நாளில் எந்தத் தொகுதியில் செய்தது என்பதை அது காட்டும். மாத்திரை தீரும்வரை அட்டையையும் போத்தலையும் எறியாதீர்கள். பெட்ச் நம்பரும் முடிவு தேதியும் உள்ள பக்கத்தைக் கடைசியாக வெட்டுங்கள். மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று நீங்கள் சொன்னால், டொக்டர் அதை ஒழுங்குபடுத்தல் அதிகார சபைக்கு அறிவிக்கலாம். நீங்கள் சொல்லும் ஒரு வார்த்தை இன்னொரு தோட்டத்தில் இன்னொருவரைக் காப்பாற்றலாம்.

10. வழக்கமாகக் கேட்கும் கேள்விகள்

கேள்வி: விலை கூடுன மாத்திரதான் நல்லா வேலை செய்யும்னு சொல்றாங்களே?
பதில்: விலையில் கம்பனியின் பெயரும் விளம்பரமும் சேர்ந்திருக்கும். அதிகார சபையில் பதிவான மருந்து என்றால் விலை குறைந்ததும் அதே வேலையைச் செய்ய வேண்டும். கடன்பட்டு விலை கூடியதை வாங்கி, இரண்டு வாரத்தில் காசு தீர்ந்து நிறுத்துவதைவிட, ஆஸ்பத்திரி மாத்திரையை ஒழுங்காக எடுப்பது நூறு மடங்கு மேல்.

கேள்வி: எனக்கு ஒரு கம்பனி மாத்திர நல்லா ஒத்துக்கிச்சு. அதையே கேட்டு வாங்கலாமா?
பதில்: கேட்கலாம். முக்கியமாக வலிப்பு மருந்து எடுப்பவர்கள், வலிப்பு அடங்கியிருந்தால் முடிந்தவரை ஒரே கம்பனியின் மருந்தில் இருப்பது நல்லது. டொக்டரிடம் சொல்லிவையுங்கள். கிடைக்காத மாதத்தில் மருந்தே இல்லாமல் இருக்காதீர்கள். மாற்று மருந்தை எடுத்துக்கொண்டு கவனமாக இருங்கள்.

கேள்வி: பக்கத்து வீட்டுத் தாத்தாவும் பிரஷர் மாத்திரதான் போடுறாரு. அவசரத்துக்கு ஒன்னு வாங்கிப் போடலாமா?
பதில்: கூடாது. பிரஷருக்குப் பல வகை மருந்து உண்டு. அவருடையது வேறு மருந்தாக இருக்கலாம். தீர்வதற்கு ஐந்து நாளுக்கு முன்பே டிஸ்பென்சரியில் சொல்லுங்கள்.

வீட்டுப் பயிற்சி

இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருக்கும் மருந்தையெல்லாம் ஒரு பாயில் பரப்புங்கள். வாசிக்கத் தெரிந்த பிள்ளையை உட்காரவைத்து, ஒவ்வொன்றின் பொதுப்பெயரையும் வாசிக்கச் சொல்லுங்கள். அட்டையில் பெரும்பாலும் பெரிய எழுத்தில் வியாபாரப் பெயரும், அதற்குக் கீழே சிறிய எழுத்தில் பொதுப்பெயரும் இருக்கும். ஒரே பொதுப்பெயர் இரண்டு இடத்தில் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் மறுநாளே இரண்டையும் எடுத்துக்கொண்டு டிஸ்பென்சரிக்குப் போங்கள். பெயர் இல்லாதவற்றையும் முடிவு தேதி தாண்டியவற்றையும் தனியாகக் கட்டி அங்கேயே ஒப்படையுங்கள்.

நினைவில் வைக்க

மருந்தை நிறத்தால் அறியாதே, பொதுப்பெயராலும் மில்லிகிராமாலும் அறி.
மாறினால் வாங்கும் இடத்திலேயே கேள்.
பழையதையும் புதியதையும் சேர்த்துப் போடாதே.
கேட்காமல் நிறுத்தாதே.
எங்கே போனாலும் கொப்பியையும் மாத்திரையையும் கையோடு கொண்டுபோ.